ஏழாம் நம்பருக்குத் தடை

ஜனவரி 19, ஞாயிறு

பல்கலைக்கழக மைதானத்தில் மகளிர் வாலிபால் இறுதி ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளன் என்பதால் எனக்குக் கோர்ட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது. வெயில் என்ற பேச்சே இல்லை. உட்கார்ந்து பார்க்க இதமாக இருந்தது. கொடுத்த டீதான் கழுநீர்.

தேரிவிளை மங்களநாயகி கல்லூரிப் பிள்ளைகள் ஆறே பேர். ஹாஸ்டலில் அம்மை போட்டிருக்கிறதாம். மிச்சப் பேர் வேப்பிலையில் படுத்திருக்கிறார்கள். மாற்று ஆள் ஒருத்திகூட இல்லாமல் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறாளே இந்த டெய்சி என்று நினைத்துக்கொண்டேன். டெய்சி அவர்களுடைய உடற்கல்வி இயக்குநர், நம் கல்லூரியில் நான் இருப்பதுபோல. எனக்கு வெகு நாள் பழக்கம். வாய் ஓயாத பெண், இன்று என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் வட்டமாக நின்று காப்டன் நம்பர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் “இருக்கேன்” என்று கத்துவது அவர்கள் வழக்கம். “ஏழு?” என்றபோது சத்தமே இல்லை. பிறகு ஒரு பெண் மெதுவாக “இருக்கேன்” என்றாள். பக்கத்தில் நின்றவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆட்டத்துக்கு முன்னாலேயே அழுகையா, விளங்கினாற்போலத்தான் என்று தோன்றியது.

ஆனால் அந்த ஏழாம் நம்பர்! அடேயப்பா! சர்வீஸ் போடுமுன் பந்தைத் தூக்கித் தன் நெற்றியில் ஒரு முட்டு முட்டுகிறாள், கைக்குழந்தையோடு முட்டு விளையாடுவதுபோல. பிறகு இடது கையால் உயரப் போட்டு, குதித்து ஓர் அடி. வலையைத் தாண்டும்வரை நேராக வருகிற பந்து, தாண்டியதும் புத்தி மாறி வேறு பக்கம் போய் விழுகிறது. கடைசி செட்டில் எதிர் அணி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இத்தனை வருஷம் விசில் ஊதியதற்கு இன்றைக்குத்தான் ஒரு சர்வீஸைப் பார்த்தேன்.

ஜெயித்த பிறகு அவளைக் கூப்பிட்டேன். வேர்த்துப்போய் வந்து நின்றாள். முன்பல் ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. “பேரு என்னம்மா?” என்றேன். கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நீலச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “பேரச் சொல்ல யார்ட்டம்மா பெர்மிஷன் கேக்கணும்?” என்று சிரித்தேன்.

“பிரமசக்தி” என்றாள்.

பட்டியலில் முதல் பெயராக அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் கோமதி, மாடியில் காயப்போட்ட மல்லியெல்லாம் நமுத்துப் போச்சு என்று மூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 22, புதன்

தண்ணீர் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துவிட்டது. அடிபம்பில் அடித்து இடுப்பு போயிற்று.

ஜனவரி 27, திங்கள்

காலையில் வேதநாயகம் ஐயா போன் செய்தார். ரிட்டயர்டு பிரின்சிபால், விளையாட்டு வாரியத்தின் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்குத் தலைவர்.

“வே நயினாரு, உம்ம பட்டியல்ல மொதப் பேரு யாருவே?”

“பிரமசக்தி. தேரிவிளை. ஏன் ஐயா?”

“அந்தப் பிள்ள போன அக்டோபர்லயே டெங்குல செத்துப்போச்சுவே. பேப்பர்ல உம்ம பட்டியலப் பாத்துட்டு அவங்க ஊர்க்காரன் ஒருத்தன் எழுதியிருக்கான். தோத்த காலேஜும் புகார் குடுத்தாச்சு.”

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். அவள் வேர்வை வாடையோடு எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று பேர் சொன்னாளே.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒருத்தன், “சார், அடுத்து எங்க தாத்தாவை கபடி டீம்ல எடுங்க, நல்லா ஆடுவார்” என்றான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துவைத்தேன். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

குழுவில் மூன்று பேர்: வேதநாயகம் ஐயா, ஹாக்கி ரெஜினா மேடம், நான். “நான் பாத்த சாட்சி ஐயா, நானே எப்படிக் குழுவுல இருக்கது?” என்று கேட்டேன். “பாத்த ஆளு இருந்தா நல்லதுதானவே” என்றுவிட்டார். எங்கள் வாரியத்தில் இப்படித்தான். சாட்சியும் நானே, தீர்ப்பெழுதுகிறவனும் நானே.

விதியை எடுத்துப் படித்தோம். ஆள்மாறாட்டம் நடந்திருந்தால் கோப்பை போகும், கல்லூரிக்கு ஒரு வருஷம் ஆட்டம் கிடையாது, டெய்சி மூன்று வருஷத்துக்கு எந்த அணியையும் கூட்டி வர முடியாது. இதெல்லாம் நிச்சயம், யாராலும் மாற்ற முடியாது. மிச்சம் ஒன்றுதான். பொய்ப்பெயரில் ஆடியவள் யாரென்று தெரிந்தால் அவளுக்கு மூன்று வருஷத் தடை. விளையாட்டுக் கோட்டாவில் எந்தக் கல்லூரியும் அவளைத் தொடாது. யாரென்று தெரியாவிட்டால், எந்தப் பெயரில் ஆடினாளோ அந்தப் பெயருக்கே தடை.

“அப்பம் செத்தவளுக்கா?” என்றார் ரெஜினா.

“விதியில உயிரோட இருக்கணும்னு போடலையே” என்றார் ஐயா. டீ வந்தது.

பிப்ரவரி 8, சனி

இறப்பை நேரில் விசாரித்து உறுதிசெய்ய என்னைத் தேரிவிளைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் செம்மணல். உச்சி வெயிலில் செருப்புக்குள்ளே புகுந்து சுட்டது. தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை.

கதவைத் திறந்தவள் கேலரியில் பார்த்த அந்த நீலச் சேலை அம்மாள். பத்திரக்கனி என்று பெயர். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. புருஷன் போய் நாளாயிற்று. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளுத்தது; ஆனாலும் “வாங்க சார், உள்ள வாங்க, வெயிலுக்கு மோரு குடிங்க” என்றாள்.

சுவரில் மாலை போட்ட படம். அதே நெற்றி, அதே மூக்கு. நான் பல்லைப் பார்த்தேன். படத்தில் பல் முழுசாக இருந்தது.

“நாலே நாளு காய்ச்சல் சார். அஞ்சாம் நாளு இல்ல. ஆஸ்பத்திரில கூட ‘எம்மா, சனிக்கிழம மேட்ச் இருக்கு, சனிக்கிழம மேட்ச் இருக்கு’ன்னு பெனாத்திக்கிட்டே கெடந்தா.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு பிள்ள இருக்காமே?”

“சின்னவ, சுயம்புக்கனி. பன்னெண்டாவது படிக்கா. நாகர்கோவில்ல எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா சார். வர நாளாகும்.”

அப்போது வீட்டுக்குப் பின்னால் பந்து தட்டும் சத்தம் கேட்டது. தட், தட், தட். நிற்கும். பிறகு சுவரில் மோதுகிற ஓர் அடி.

“பக்கத்து வீட்டுப் பையன் சார்” என்றாள் பத்திரக்கனி.

நான் மோரைக் குடித்தேன். கொடியில் பள்ளிக்கூட யூனிபார்ம் ஒன்று ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வந்த வேலை இறப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பது, சரிபார்த்தாயிற்று. கொல்லைக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் கல்லூரிக் கோர்ட்டில் பந்துச் சத்தம். தட், தட், தட், நிறுத்தம், ஓர் அடி. இந்த வேகாத வெயிலில் எவன் என்று விசிலை எடுத்துக்கொண்டு போனேன். யாருமில்லை. வலைகூடக் கட்டவில்லை. வாட்ச்மேனைக் கேட்டால், “இப்பம் யாரு சார் ஆடப்போறா?” என்கிறான்.

பிரஷர் மாத்திரை சாப்பிட மறந்திருக்கிறேன். அதனால்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

கோமதி வேப்பிலை அடிக்க ஆள் பார்க்கட்டுமா என்கிறாள். “சோத்துல கைய வச்சிக்கிட்டு எங்கயோ பாக்கிய. நேத்து மளிகைச் சீட்டுல பருப்பு எத்தனை கிலோன்னு கேட்டா ஏழுன்னு எழுதி வச்சிருக்கிய. நாம ரெண்டு பேருக்கு ஏழு கிலோவா? செத்த பிள்ள உங்களப் பிடிச்சிருக்கு.”

“சவத்த விடுடி” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு வருகிற சொல்தான். இன்றைக்கு வாய்க்குள் கசந்தது.

மோட்டார் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரணை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாரிய அலுவலகத்தில். ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை.

முதலில் நடுவர். அவரிடம் ஏழாம் நம்பரின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்றால், “நாங்க நம்பரத்தான சார் பாப்போம், முகத்த எங்க பாக்க?” என்றார். யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். கேலரியின் மேல் படியிலிருந்து எடுத்தது. முதுகும் ஏழும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. முகத்தைக் கிட்டத்தில் பார்த்த வெளி ஆள் நான் ஒருவன்தான்.

பிறகு டெய்சி. இந்த ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அணிப் பட்டியல் செப்டம்பரிலேயே அனுப்பியாயிற்று. அக்டோபரில் பிள்ளை போய்விட்டது. பெயரை அடிக்க வேண்டும் என்றால் காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டும்.

“பேனாவ எடுப்பேன் சார், வைப்பேன். அந்தப் பிள்ளைய நான் ஒம்பதாவதுலருந்து பாக்கேன். அடிச்சு எழுதக் கை வரல. பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஒவ்வொரு மேட்சுக்கும் பிள்ளைக வட்டமா நின்னு ஏழுன்னு கூப்பிட்டு, எல்லாருமாச் சேந்து ‘இருக்கா’ன்னு கத்தும். நானும் கத்துவேன்.”

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஒருத்தி படியில் வழுக்கிக் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ஐந்து பேர்தான் மிச்சம். ஐந்து பேரோடு கோர்ட்டில் இறங்க முடியாது, ஆடாமலே தோல்வி. பார்க்க வந்திருந்த ஒரு பெண் அந்த ஏழாம் நம்பர் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எப்போதும் அதைத்தான் போட்டிருப்பாளாம்.

“யாரும்மா அது?” என்றார் ஐயா.

“தப்பு என்னோடது சார். எனக்கு என்ன தண்டனையும் குடுங்க. பேரு சொல்ல மாட்டேன்.”

பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஒவ்வொருத்தியும் ஒரே பதில்: “பிரமசக்திதான் ஆடுனா.” ஐயாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிய? செத்த பிள்ள எப்படிம்மா வந்து சர்வீஸ் போடும்?” என்று மேஜையைத் தட்டினார். காப்டன் பெண் அவரை நேராகப் பார்த்து, “ஏழுன்னு கூப்பிட்டோம் சார், இருக்கேன்னு சத்தம் வந்துச்சு” என்றாள். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேனே.

மத்தியானத்துக்கு மேல் பத்திரக்கனியையும் சின்னவளையும் வரவழைத்திருந்தார்கள். ஐயா ஒன்றும் முட்டாள் இல்லை.

சின்னவள் பள்ளி யூனிபார்மில் வந்தாள். தலையைக் குனிந்து நின்றாள். உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

ஐயா பத்திரக்கனியிடம் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். “இந்தா பாரும்மா. உண்மையைச் சொன்னா ஆடுன பிள்ளைக்கு மூணு வருசம் தடை, அதோட போச்சு. சொல்லலைன்னா உன் மூத்த மக பேருக்குத் தடை எழுதணும். நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம், எல்லாக் காலேஜுக்கும் அனுப்புவோம். மோசடி பண்ணினான்னு அந்தப் பிள்ள பேரு நிக்கும். செத்த பிள்ள மேல பழி போடலாமா? யோசிச்சுச் சொல்லு.”

அவள் யோசிக்கவில்லை. வீட்டிலேயே யோசித்துவிட்டு வந்தவள்போலத்தான் பேசினாள்.

“எம் மூத்தவதான் சார் ஆடுனா. நான் என் கண்ணால பாத்தேன். எழுதிக்கோங்க.”

“எம்மா—”

“அவளுக்கு இனிமே என்ன செஞ்சாலும் வலிக்காது சார்.” குரல் உடைந்தது. “எனக்கு ரெண்டு பிள்ள. ஒண்ணத்தான நான் காப்பாத்த முடியும்?”

சின்னவள் தலையைத் தூக்கினாள். வாயைத் திறக்கப் போனாள். பத்திரக்கனி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன பிடி அது! விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. பிள்ளை வாயை மூடிக்கொண்டாள், கண்ணீர் மட்டும் சொட்டியது.

ஐயா என் பக்கம் திரும்பினார். “நயினாரு, கிட்டத்துல பாத்தவரு நீரு. இந்தப் பிள்ளதானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டெய்சி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை மாதிரி இல்லை. எதையோ கேட்கிற பார்வை. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

“வெயில் கண்ணுல அடிச்சுது ஐயா. முகம் சரியாத் தெரியல. சொல்ல முடியாது” என்றேன்.

பத்திரக்கனி கை எடுத்துக் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்துவிட்டு வீடு வந்தேன். சரியான பதில்தான். சந்தேகம் இருக்கும்போது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது.

பிப்ரவரி 21, வெள்ளி

நடந்ததைக் கோமதியிடம் சொன்னேன். மல்லியைத் திரித்துக் கொண்டுவந்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். முகர்ந்து பார்த்து, “இன்னும் நமுத்த வாடை போகல” என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏங்க, அன்னைக்கு எங்கங்க வெயில் அடிச்சுது?”

“மைதானத்துல அடிச்சுது.”

“நாலு தெரு தள்ளி இருக்க மைதானத்துல வெயிலு, நம்ம மாடில மூட்டமா?” டப்பாவை மூடினாள். “கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நீங்க கெட்டிக்காரரும் இல்ல.”

செடிக்குத் தண்ணீர் விடப் போனேன்.

பிப்ரவரி 24, திங்கள்

உத்தரவு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று முதல் நகலை எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான். கோப்பை பறிப்பு, கல்லூரிக்கு ஒரு வருஷம், டெய்சிக்கு மூன்று வருஷம். கடைசிப் பத்தி: “வீராங்கனை ச. பிரமசக்தி இன்று முதல் மூன்றாண்டுகளுக்கு எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படுகிறது. மீறினால் தடை நீட்டிக்கப்படும்.” வழக்கமான வாசகம், எல்லோருக்கும் போடுவதுதான். மீறினால் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது.

தண்டனை பெற்றவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. கிளார்க் உறையில் விலாசம் எழுதிக்கொண்டே, “சார், இது சுடுகாட்டுக்கா வீட்டுக்கா?” என்றான். கன்னத்தில் அறைந்திருப்பேன். “வீட்டுக்குப் போடு” என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில் நீல மையில், பள்ளிப்பிள்ளையின் குண்டு எழுத்தில், “ச. பிரமசக்தி”.

கிளார்க் அட்டையை மேஜையில் போட்டுவிட்டான். “யார் சார் வாங்குனா?” என்கிறான்.

ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 28, வெள்ளி

சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனால் இப்போது தட், தட், தட் மட்டும்தான். அடி விழுவதில்லை.

ஜூன் 11, புதன்

நம் கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவுக்குத் தேர்வு. வாலிபாலுக்கு ஓர் இடம்தான், அதுவும் பெண்களுக்கு. கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தேன். என்னோடு வெளிக் கல்லூரி உடற்கல்விக்காரர்கள் இரண்டு பேர் மார்க் போட வந்திருந்தார்கள்.

“ச. சுயம்புக்கனி” என்று கிளார்க் கூப்பிட்டான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பத்திரக்கனி, அதே நீலச் சேலை. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இந்த நாளுக்காகத்தான் அவள் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னாள். நானும்—

பிள்ளை வளர்ந்திருந்தாள். பாஸ் நன்றாக எடுத்தாள், தடுப்பும் பழுதில்லை. சர்வீஸ் கோட்டுக்குப் போனதும் மார்க் தாளைக் கீழே வைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஜனவரியிலிருந்து அந்த ஒன்றை மறுபடி பார்க்கத்தான் காத்திருந்தேன்.

பந்தை இடுப்புக்குக் கீழே பிடித்து, கீழ்க்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதும் கீழ்க்கை. வலையைத் தொட்டு இந்தப் பக்கமே விழுந்தது. மூன்றாவது வெளியே. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற சர்வீஸ். வந்திருந்தவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மார்க்கை எழுதினார்கள்.

அவர்களை டீக்கு அனுப்பிவிட்டு நான் கோட்டுக்குப் போனேன்.

“உன் சர்வீஸப் போடும்மா.”

“இதான் சார் என் சர்வீஸ்.”

“நெத்தியில முட்டிட்டுப் போடுவியே, அதப் போடு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தபோது அந்த உடைந்த பல் தெரிந்தது.

“அப்பம் நீங்க பாத்தீங்க சார்.”

நான் விசில் கயிற்றைக் கழுத்தில் சரிசெய்தேன்.

“அன்னைக்கு வெயில் அடிச்சுதுன்னு சொன்னீங்க. நான் உங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். இந்தப் பிள்ளதான்னு நீங்களாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அம்மா என்னய விடல, நீங்க சொல்லியிருக்கலாம்லா சார்?”

அப்படியானால் அன்று அந்தக் கண் கேட்டது இதைத்தான்.

“ஏம்மா, உனக்காகத்தான...”

“எங்க அக்கா ஒரு தப்பும் பண்ணல சார். அவ படுத்துக் கெடந்தப்பகூட மேட்சு மேட்சுன்னுதான் சொன்னா. அவ பேர எல்லாக் காலேஜுலயும் ஒட்டிட்டாங்க. காப்டன் அக்கா போட்டோ எடுத்து அனுப்புனா.”

“சரி. இங்க இப்பம் யாரும் இல்ல. அவங்க வந்ததும் ஒண்ணே ஒண்ணு போடு. சீட்டு உனக்குத்தான். உங்க அம்மா வெளிய நிக்கா பாரு.”

அவள் பந்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அதை நெற்றிப் பக்கம் தூக்கினாள். பிறகு பழையபடி கீழே இறக்கிவிட்டாள்.

“முடியாது சார். அது அக்கா சர்வீஸு. அவளுக்குத் தடை போட்டிருக்கு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல கெடக்கு.”

பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டியலை ஒட்டியபோது மணி மூன்று. பத்திரக்கனி அதைப் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். என்னிடம் வந்தாள். “நல்லா ஆடுவா சார். அந்த லெட்டரு வந்ததுலருந்து பந்தையே தொடல. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. நான் இவளுக்காக என்ன செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும்லா சார்? செஞ்சும் இப்படி ஆயிட்டே!”

தெரியும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் அழுதுகொண்டே குடையை விரித்தாள். பிள்ளை வந்து குடைக்குள் நுழைந்துகொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்கள்.

கோர்ட்டில் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். தட் என்றுகூட இல்லை.

வீட்டில் கோமதி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, ஏழாம் நம்பர் வந்தாளா?”

“வரல” என்றேன்.